தொட்டால் கெடும் கப்பல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்ற மூன்று மாவட்டங்களில் வவுனியாவுக்கு மட்டும் கடற்கரை இல்லை. ஓமந்தையில் இருப்பவர்கள் கடல் பார்க்க வேண்டுமென்றால் ஏ-9 வீதியால் புளியங்குளம் போய், நெடுங்கேணிப் பக்கம் திரும்பி முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். அப்படிப் போன பலர் கிட்டத்தில் நின்று பார்த்த முதற் பெரிய கப்பல், கரையில் ஏறி நின்ற ஃபரா-3 ஆகத்தான் இருக்கும். இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிப்போன அந்த ஜோர்தானியக் கப்பல், 2006 டிசம்பரில் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. போர் முடிந்த பிறகும் அது அங்கேயே நின்றது. தகடுகள் சிவந்து பொருக்கு விட்டன. கடைசியில் இரும்புக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அதே கிழக்குக் கடலில், தெற்கே மட்டக்களப்புக்கு நேரே, அதைவிட 64 வருடம் முந்தி மூழ்கிய கப்பல் ஒன்று இன்னும் கப்பல் வடிவத்திலேயே கிடக்கிறது. அதன் பீரங்கிக் குழாய்களைச் சுழியோடிகள் இன்றும் படம் எடுக்கிறார்கள். அதன் பக்கவாட்டுத் தகடுகள் மேல் முருகை வளர்கிறது, அடியில் கலவாய் மீன் குடியிருக்கிறது. கரையில் நின்ற கப்பல் சில வருடங்களிலேயே பொருக்கு விட, கடலுக்குள் கிடக்கும் கப்பல் எண்பது வருடம் தாங்குகிறது. உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும் என்று படித்த நமக்கு இது முரணாகத் தோன்றும். இதற்கான விளக்கத்தில் இரசாயனமும் இருக்கிறது, உயிரியலும் இருக்கிறது. இப்படியான கப்பல்களை என்ன செய்வது என்ற கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

1942 ஏப்ரல் 9

கப்பலின் பெயர் ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ரோங் விட்வேர்த் கட்டுதளத்தில் 1918 ஜனவரியில் வேலை தொடங்கியது. 1919 செப்தெம்பரில் நீரில் இறக்கினார்கள். முதலாம் உலகப் போர் முடிந்திருந்ததால் அவசரம் குறைந்து, 1924 பெப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. அதற்குள் ஜப்பான் தன் ஹோஷோவைக் கட்டி 1922 இலேயே கடலில் விட்டுவிட்டது. தொடங்கியதில் பிரித்தானியா முந்தியது, முடித்ததில் ஜப்பான் முந்தியது. இருபது வருடம் கழித்து ஹேர்மிஸை மூழ்கடித்தவையும் ஜப்பானிய விமானந்தாங்கிகளின் விமானங்களே.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படையணி கொழும்பைக் குண்டுவீசித் தாக்கியது. அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை 8 ஆம் திகதி இரவே வெளியே அனுப்பினார்கள். ஹேர்மிஸும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் தெற்கு நோக்கி ஓடின. அவசரத்தில் ஹேர்மிஸின் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானந்தாங்கியில் ஒரு விமானமும் இல்லை. 9 ஆம் திகதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. அதன் பின் ஹருணா என்ற போர்க்கப்பலின் வேவு விமானம் இரண்டு கப்பல்களையும் கண்டுவிட்டது. பத்தரை மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. அரை மணித்தியாலத்துக்குள் 183 மீற்றர் நீளக் கப்பல் கடலுக்குள் போனது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோவோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். வம்பயரில் 9 பேர். அந்த வழியால் வந்த வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. சிலர் நீந்தியே மட்டக்களப்புக் கரை சேர்ந்தார்கள்.

அதே நாளில் அதே கடலில் பிரிட்டிஷ் சார்ஜன்ட், அத்தெல்ஸ்டேன் ஆகிய எண்ணெய்க் கப்பல்களும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், நோர்விக்கன் என்ற நோர்வே சரக்குக் கப்பலும் தாக்கப்பட்டு அழிந்தன. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற பயணிக் கப்பல் தீப்பிடித்தது. ஒரே நாளில் கிழக்குக் கரை முழுவதும் இரும்புப் பார்கள் விழுந்தன என்று சொல்லலாம். அவற்றுள் ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தூரத்தில், ஏறத்தாழ 53 மீற்றர் ஆழ மணலில், இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் பாசிக்குடாவுக்கு வடக்கே சுமார் 24 மீற்றர் ஆழத்தில் இரண்டாக உடைந்து கிடக்கிறது.

இரும்பும் உப்பும் ஒட்சிசனும்

துருப் பிடிப்பது என்பது ஒரு சிறிய மின்கலம் வேலை செய்வதுதான். இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகக் கரைகின்றன. அது அனோட்டு. விடுபட்ட இலத்திரன்கள் உலோகத்துக்குள்ளாலேயே இன்னோரிடத்துக்கு ஓடி, அங்கே தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஐதரொட்சைட்டை உண்டாக்குகின்றன. அது கதோட்டு. இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் சுற்றி வரத் தண்ணீர் மின்னைக் கடத்த வேண்டும். நன்னீரை விடக் கடல்நீர் பல மடங்கு நன்றாகக் கடத்தும். உப்பின் முக்கிய வேலை இதுதான். இரும்பை உண்மையில் தின்பது ஒட்சிசன். ஒட்சிசன் எவ்வளவு வேகமாக வந்து சேருகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் துரு நடக்கும்.

இது வன்னியில் எல்லோரும் கண்ணால் கண்ட விடயம். குளத்துத் துருசின் இரும்புக் கதவைப் பாருங்கள். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி ஓரளவு தாங்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் தகடு முதலில் ஓட்டையாகும். அங்கே ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. ஃபரா-3 நின்ற இடமும் அதுதான். அலை அடித்து நனைக்கும், வெயில் காயவைக்கும், அடுத்த அலை உப்பை மறுபடி பூசும். கடலில் இரும்புக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை.

ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்கு ஒட்சிசன் தண்ணீரில் கரைந்த அளவுக்குத்தான் கிடைக்கும். அதனால் தேய்வு மெதுவாகிறது. கடலடியில் உருக்கு வருடத்துக்குச் சராசரியாக 0.1 மில்லிமீற்றர் தேய்கிறது என்பது பொறியியலாளர் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. எண்பது வருடத்தில் அது 8 மில்லிமீற்றர். மெல்லிய தளத் தகடுகளுக்கு இது கிட்டத்தட்ட முழு ஆயுள். தடித்த சட்டங்களுக்கும் பீரங்கிகளுக்கும் இயந்திரங்களுக்கும் இன்னும் காலம் இருக்கிறது.

இதற்கு மேல் கடல் தானே ஒரு கவசமும் போட்டுவிடுகிறது. கதோட்டில் உண்டாகும் ஐதரொட்சைட்டு அந்த இடத்து நீரைக் காரமாக்க, கடலில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு படியத் தொடங்கும். அதன் மேல் கொட்டலசும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் தங்கள் ஓடுகளைக் கட்டும். துருவும் மணலும் ஓடுகளும் சேர்ந்து இறுகி, கல்லைப் போன்ற ஒரு பொருக்கு இரும்பைச் சுற்றி மூடும். பொருக்குக்குள் இருக்கும் நீர் அமிலமாகவும் குளோரைட்டு நிறைந்ததாகவும் மாறினாலும், புது ஒட்சிசன் உள்ளே வருவது வெகுவாகக் குறைந்துவிடும். இரும்புக்கும் கடலுக்கும் இடையே ஒருவகைச் சமாதானம் ஏற்படுகிறது. கடலடித் தொல்லியல் பேசும் எவரும் இந்தச் சமநிலையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அந்தச் சமாதானத்தைக் குலைக்க அதிகம் தேவையில்லை. நங்கூரம் ஒன்று விழுந்து ஒரு சாண் பொருக்கைப் பெயர்த்தால் போதும். அமிலத்திலும் குளோரைட்டிலும் ஊறியிருந்த இரும்பின் மேல் திடீரென்று ஒட்சிசன் படும். அந்த இடத்தில் தேய்வு பழையபடி வேகம் பிடிக்கும். நினைவுப் பொருள் என்று ஒரு பித்தளைச் சாளர வளையத்தைக் கழற்றுகிறவர், அதைச் சுற்றியிருக்கும் முழுத் தகட்டின் ஆயுளையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போகிறார்.

சுழியோடியின் மூச்சே கூடக் கெடுதல் செய்யும். கப்பலின் அறைக்குள் நுழைந்தால், அவர் விடும் குமிழிகள் மேலே போய்க் கூரைத் தகட்டின் அடியில் தங்கிவிடும். வெளிவிடும் மூச்சிலும் ஒட்சிசன் நிறைய மிச்சம் இருக்கிறது. ஒட்சிசன் அருமையாகக் கிடைத்த ஓர் இடத்தில் இப்போது ஒரு காற்றுப்பை. அதனால்தான் பாதுகாக்க வேண்டிய கப்பல்களில், சுற்றி வந்து பாருங்கள், உள்ளே போகாதீர்கள் என்கிறார்கள். அது சுழியோடியின் உயிருக்கும் நல்லது.

மணலில் முளைத்த பார்

கிழக்குக் கடலின் அடியில் பெரும் பகுதி மணலும் சேறும். முருகைக் குடம்பியோ சிப்பிக் குஞ்சோ நீரில் மிதந்து வந்து உயிர்வாழ வேண்டுமென்றால், ஒட்டிக்கொள்ள அசையாத தரை வேண்டும். மணல் அலையோடு புரளும், அதில் ஒட்ட முடியாது. அப்படியான வெளியில் 183 மீற்றர் நீள இரும்பு வந்து விழுந்தால் அது அந்தக் குடம்பிகளுக்குப் புதுக் காணி.

குடியேற்றம் ஒரு முறையோடு நடக்கும். முதல் சில மணித்தியாலங்களில் பக்றீரியாக்கள் தகட்டில் வழுவழுப்பான ஒரு படலம் போடும். அதன் மேல் நுண்பாசி. சில வாரங்களில் கொட்டலசும் குழாய்ப் புழுக்களும். மாதங்கள் போகக் கடற்பஞ்சும் மென்முருகையும். வருடங்கள் போகக் கல்முருகை. இவை ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம் தயாரித்துக் கொடுக்கும். பொந்தும் மறைவும் உண்டானதும் இறாலும் நண்டும் சிறு மீனும் வரும். அவற்றைத் தின்னப் பெரிய மீன் வரும்.

கப்பலின் வடிவமும் உதவுகிறது. அடியில் ஓடும் நீரோட்டம் உயரமான இரும்புச் சுவரில் முட்டி மேலே எழும்புகிறது. அதோடு மிதவை உயிர்கள் குவிந்து வருகின்றன. நீரோட்டம் முட்டும் பக்கத்தில் அவற்றை வடித்துத் தின்னும் சாட்டை முருகையும் கருமுருகையும் கடற்பஞ்சும் செழிக்கும், மேலே பாரைக் கூட்டம் சுற்றும். மறுபக்க நிழலில் சோர்ந்த மீன்கள் ஒதுங்கி நிற்கும். ஒரே கப்பலின் இரு பக்கத்திலும் இரண்டு வேறு ஊர்கள்.

ஆழமும் குடிகளைத் தீர்மானிக்கிறது. பார் கட்டும் கல்முருகை தன் உடலுக்குள் வாழும் நுண்பாசியின் தயவில் உண்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். 24 மீற்றரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்டில் அதற்கு இடம் உண்டு. 50 மீற்றரில் வெளிச்சம் மிகக் குறைவு. ஆகவே ஹேர்மிஸில், ஒளியை நம்பாமல் நீரோட்டத்தில் வருவதைப் பிடித்துத் தின்பவைதான் அதிகம். பார்ப்பவருக்கு முதலில் எல்லாம் சாம்பலும் நீலமுமாகத் தெரியும். சூரிய ஒளியின் சிவப்பை முதல் சில மீற்றர் நீரே விழுங்கிவிடும். அந்த ஆழத்தில் கையில் காயம் பட்டால் இரத்தம் கூடச் சிவப்பாகத் தெரியாது. டோர்ச்சை அடித்ததும் நேற்றுவரை இருட்டில் கிடந்த பீரங்கிக் குழாய் செம்மஞ்சளும் கத்தரிப்பூ நிறமுமாக மாறும். அந்த நிறங்கள் எல்லாம் அங்கேயே இருந்தவை. அவற்றைக் காட்ட ஒளிதான் இருக்கவில்லை.

கப்பல் விழுந்த இடத்தில் மீன் பெருகுகிறதா, அல்லது சுற்றுக் கடலில் இருந்த மீன் வந்து கூடுகிறதா? செயற்கைப் பார் பற்றி நெடுநாளாக நடக்கும் விவாதம் இது. இரண்டும் நடக்கும் என்பதுதான் நியாயமான பதில். எது எவ்வளவு என்பது மீன்பிடியைப் பொறுத்தது. கலவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரும்பாலான இனங்கள் பெண்ணாகவே வளர்ந்து, வயதும் அளவும் கூடிய பிறகு ஆணாக மாறும். பாருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மீன்களைத் தெரிந்து பிடித்தால் ஆண்களே இல்லாமற் போய்விடும். கூடி நிற்கும் மீனைப் பிடிப்பது சுலபம், அதனாலேயே தீர்ப்பதும் சுலபம். கப்பலில் சிக்கி அறுந்த வலை இன்னொரு ஆபத்து. நைலோன் உக்காது. கேட்பாரில்லாமல் அது வருடக் கணக்கில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எந்தக் கப்பலும் எங்கே விழுந்தாலும் நல்லது என்றும் நினைக்கக் கூடாது. பசிபிக்கின் பால்மைரா தீவில் 1991 இல் ஒரு மீன்பிடிக் கப்பல் உயிருள்ள முருகைப் பாரின் மேலேயே மோதி உடைந்தது. அந்தப் பகுதிக் கடலில் இரும்புச் சத்து இயற்கையாகவே மிகக் குறைவு. துருவிலிருந்து கரைந்த இரும்பு ஒருசில உயிர்களுக்கு உரமாகிவிட, முருகையைப் போலத் தோன்றும் மென்மையான ஓர் உயிர் பரந்து முருகையை மூடிவிட்டது. கடைசியில் 2013, 2014 இல் அமெரிக்க அரசு அந்தக் கப்பலை அகற்ற வேண்டி வந்தது. மணல்வெளியில் விழுந்தால் கப்பல் வீடு, பாரின் மேல் விழுந்தால் நோய். எங்கே கிடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லலாம்.

2021 இல் இலங்கையின் மீன்பிடி அமைச்சு பழைய பஸ்களைச் செயற்கைப் பாராகக் கடலில் இறக்கியபோதும் இந்தக் கேள்விகள் எழுந்தன. மேலே சொன்ன தேய்வுக் கணக்கைப் பஸ்ஸின் மெல்லிய உடற்தகட்டுக்குப் போட்டுப் பார்த்தால், அது ஒரு தலைமுறைக்கு நிற்காது என்பது விளங்கும். எண்பது வருடம் நிற்கும் பார் வேண்டுமென்றால் கப்பல் அளவு கனமான இரும்பு வேண்டும்.

ஆறு மடங்கு அமுக்கம்

மன்னார்ச் சிலாவத்துறையிலும் அரிப்பிலும் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கினார்கள். மேலே இழுத்த ஒரே மூச்சுத்தான் அவர்களுடைய காற்று. இன்று வடக்குக் கடலில் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிப்பவர்களைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் இடையே உடலியலில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சிலிண்டர்காரர் ஆழத்தில் இருக்கும்போதே, அந்த ஆழத்தின் அமுக்கத்தில், திரும்பத் திரும்பக் காற்றை உள்ளே எடுக்கிறார்.

10 மீற்றர் இறங்குவதற்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 50 மீற்றரில் மொத்தம் 6. போயிலின் விதிப்படி ஒவ்வொரு மூச்சிலும் மேலே எடுப்பதைப் போல 6 மடங்கு காற்றுச் செலவாகும். தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் எடுப்பவருக்கு அங்கே 120 லீற்றர் வேண்டும். 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் அமுக்கத்துக்கு நிரப்பினால் உள்ளே இருப்பது 2,400 லீற்றர். வகுத்துப் பார்த்தால் 20 நிமிடம். இறங்கவும் ஏறவும் வேண்டிய காற்றையும் அவசரத்துக்கான மிச்சத்தையும் கழித்தால் சில நிமிடங்கள்தான் தேறும். அதனால் ஹேர்மிஸுக்குப் போகிறவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களோடு போகிறார்கள்.

காற்றின் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். 30 மீற்றருக்குக் கீழே அதுவே மயக்க மருந்து போல வேலை செய்யத் தொடங்கும். சுழியோடி மணிக்கூட்டைப் பார்ப்பார், நேரம் மனதில் ஏறாது. பயமே இல்லாத ஒரு நிம்மதி வரும், ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. சாதாரணப் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 40 மீற்றரை எல்லையாக வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். அதைத் தாண்டிப் போகிறவர்கள் நைதரசனில் ஒரு பகுதியை ஈலியத்தால் மாற்றிய கலவையைப் பயன்படுத்துவதுண்டு.

மற்றது ஏறும் விடயம். என்றியின் விதிப்படி அமுக்கம் கூடும்போது இரத்தத்திலும் தசையிலும் நைதரசன் கூடுதலாகக் கரையும். விறுவிறென்று மேலே வந்தால் அது குமிழியாகப் பிரிந்து மூட்டிலும் முள்ளந்தண்டிலும் அடைக்கும். கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரு நாளில் பல தடவை இறங்கி, போதிய இடைவெளி விடாமல் ஏறியவர்களில் நடக்க முடியாமற் போனவர்கள் நமது கரைகளில் இருக்கிறார்கள். 50 மீற்றர் இறங்கியவர் வெவ்வேறு ஆழங்களில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். அடியில் செலவழித்த நேரத்தைவிட ஏறும் நேரம் கூடவும் கூடும். போதாக்குறைக்குக் கடலும் இடம் கொடுக்க வேண்டும். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் யாரையும் விடாது. மார்ச், ஏப்ரலிலிருந்து செப்தெம்பர் வரைதான் தண்ணீர் அடங்கித் தெளிந்திருக்கும்.

இந்தக் கஷ்டங்கள் எல்லாம் சேர்ந்து ஹேர்மிஸுக்குக் காவல் போட்டன. அதற்கு மேல் போர்க்காலத்தின் கடற்றடையும் வந்தது. எங்கள் மீனவர்களின் வயிற்றில் அடித்த அதே தடை, கடலடிக் கப்பல்களைக் கழற்றிப் போகிறவர்களையும் பல காலம் தள்ளி வைத்தது. அந்தத் தடை இன்று இல்லை.

எடுப்பதா, விடுவதா?

விலை மதிப்பானது என்றால் மேலே எடுத்து நூதனசாலையில் வைக்கலாமே என்று தோன்றும். மேற்கு அவுஸ்திரேலியாவில் அதைச் செய்து பார்த்தார்கள். 1872 இல் மூழ்கிய சாந்தோ என்ற நீராவிக் கப்பலின் இயந்திரத்தை 1985 இல் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்பே கடலடியில் அதன் மேல் வேறு உலோகத்தைப் பொருத்தி, இரும்புக்குப் பதிலாக அது கரையும்படி விட்டார்கள். மேலே கொண்டுவந்த பின் ஊறியிருந்த குளோரைட்டை வெளியேற்றவும் பொருக்கை நீக்கவும் இருபது வருடமளவில் எடுத்தது. இது ஓர் இயந்திரத்துக்கு மட்டும். 183 மீற்றர் கப்பலுக்கு எந்த நாட்டின் பணமும் போதாது. சிகிச்சை இல்லாமல் கரையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை முல்லைத்தீவில் கண்டோம்.

மரக்கப்பலுக்கும் இதே நியாயம்தான், எதிரி மட்டும் வேறு. கப்பல் புழு என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு வகை மட்டி. அது மரத்தைக் குடைந்து தின்னும். ஆனால் ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் அது வாழாது. 1659 இல் காலித் துறைமுகத்தில் அமிழ்ந்த ஒல்லாந்தக் கப்பல் அவொன்ட்ஸ்டரின் மரம் முந்நூறு வருடத்துக்கு மேல் தப்பியதற்குக் காரணம் மேலே கிடந்த மண்தான். அந்த மண் அரிக்கத் தொடங்கியதும் மரமும் அழியத் தொடங்கியது, அகழ்வும் அவசரமானது. 2003 இல் அம்பலாந்தோட்டைக்கு அருகே கொடவாயக் கடலில் உள்ளூர்ச் சுழியோடிகள் கண்ட கப்பல் இன்னும் பழையது. கி.மு. 2 ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. கண்ணாடிக் கட்டிகளும் மீனும் நந்திபாதமும் பொறித்த அம்மிகளும் அதில் இருந்தன. இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டவற்றுள் மிகப் பழைய கப்பல் அதுதான். முப்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் மணலும் அதை இரண்டாயிரம் வருடம் காத்தன.

எடுத்துக்கொண்டு போவதன் இன்னொரு முகம் ஜாவாக் கடலில் தெரிந்தது. ஹேர்மிஸ் மூழ்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன் அங்கே மூழ்கிய ஒல்லாந்த, பிரித்தானியப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016 இல் இறங்கியவர்கள், டி ரோய்ட்டர், ஜாவா ஆகிய முழுக் கப்பல்களையே காணவில்லை என்று கண்டார்கள். பழைய இரும்புக்கும் வெண்கலத்துக்குமாக அடியோடு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவற்றோடு அங்கே இறந்தவர்களின் எலும்பும் போனது. 2023 இல் பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கிடக்கும் இடத்தில் இதே தொழில் செய்ததாகச் சந்தேகித்து மலேசியா ஒரு சீனக் கப்பலைத் தடுத்து வைத்தது.

உலக அளவில் யுனெஸ்கோவின் 2001 சமவாயம் தெளிவாகச் சொல்கிறது. கடலடி மரபுரிமையைக் கிடக்கும் இடத்திலேயே பாதுகாப்பதுதான் முதல் தெரிவு. வியாபாரத்துக்காக அதை எடுக்கக் கூடாது. கேடு செய்யாமல் பார்க்க வருகிறவர்களைத் தடுக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தச் சமவாயத்தின் வரையறைக்குள் வர, நீருக்குள் 100 வருடம் கிடந்திருக்க வேண்டும். போர்க்கப்பல் மூழ்கினாலும் அதன் கொடி நாட்டுக்கே சொந்தம் என்ற வழமை ஹேர்மிஸுக்கு ஒரு பிடியைக் கொடுக்கிறது. பக்கத்தில் கிடக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கு அதுவும் இல்லை.

நூறு ஆகாத கப்பலுக்கு என்ன நடக்கலாம் என்பதற்குச் சகாயிங் உதாரணம். 1942 இல் எரிந்த அந்தக் கப்பலை 1943 ஓகஸ்டில் துறைமுகத்துக்குள்ளேயே இறங்குதுறையாக அமிழ்த்தினார்கள். எழுபத்தைந்து வருடத்தில் அதன் மேல் முருகை வளர்ந்தது. துறைமுகத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் 2018 மார்ச்சில் கடற்படை அதை மிதக்கவைத்து, வெளியே கொண்டுபோய் வேறிடத்தில் இறக்கியது. அது ஒரு திறமையான பொறியியல் வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எழுபத்தைந்து வருடச் சமநிலையும் அதோடு முடிந்து, புது இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

2042 வரை

1942 இல் மூழ்கிய கப்பல்களுக்கு 2042 இல் நூறு வயது. தேய்வுக் கணக்கின்படி மெல்லிய தகடுகள் இடிந்து விழும் காலமும் இதுதான். சமவாயத்தின் வரையறைக்குள் வரும் நாளில் பாதுகாக்க எவ்வளவு மிஞ்சும் என்பது இன்று நடப்பதில் தங்கியிருக்கிறது.

இடையில் செய்யக்கூடியவை பெருஞ்செலவானவை அல்ல. பார்க்கப் போகும் வள்ளங்கள் கப்பலின் மேல் நங்கூரம் போடாமல் இருக்க, பக்கத்து மணலில் நிரந்தர மிதவை ஒன்றைக் கட்டிவிடலாம். ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, கணினியில் முப்பரிமாண உருவம் கட்டும் முறை இப்போது கைக்கு எட்டிய தொழில்நுட்பம். வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஓர் உருவம் எடுத்து வைத்தால் எந்தத் தகடு எப்போது விழுந்தது என்று சென்ரிமீற்றர் கணக்கில் தெரியும். எந்த மீன் கூடியது, எது குறைந்தது என்ற கணக்கும் அதே படங்களில் இருக்கும். பொருக்கில் ஊசித் துளை ஒன்று போட்டு, மின்வாயைத் தொட்டு இரும்பின் தேய்வு வேகத்தை அளந்து, துளையை மூடிவிடும் முறையும் உண்டு.

இதற்கு ஆட்கள் வேண்டும். கடலட்டைக்காகவும் சங்குக்காகவும் உயிரைப் பணயம் வைத்து இறங்கும் இளைஞர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீரோட்டம் தெரியும், காற்றுத் தெரியும், எந்த இடத்தில் வலை சிக்கும் என்று தெரியும். அவர்களிடம் இல்லாதது முறையான பயிற்சியும், பாதுகாப்பாக ஏறும் அட்டவணையும், அளவெடுக்கும் கருவியும்தான். கொடவாயக் கப்பலை முதலில் கண்டது ஆய்வுக் குழு அல்ல, உள்ளூர்ச் சுழியோடிகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் விலங்கியல், இரசாயன மாணவர்களோடு இந்தக் கடல் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு கட்டினால், 2042 இல் ஹேர்மிஸ் எந்த நிலையில் இருந்தாலும் நூறு வருடத்தில் அதற்கு என்ன நடந்தது என்று சொல்ல இங்கேயே ஆள் இருக்கும். கப்பலை விட்டுவைப்பது ஒரு வேலை, விட்டுவைத்ததைக் கண்காணிப்பது இன்னொரு வேலை. முதலாவதை இதுவரை கடல் செய்திருக்கிறது. இரண்டாவதை மனிதர்தான் செய்ய வேண்டும்.